தொழிலாளர் கேம்ப்பில் இருப்பவர்களையும் கேளுங்கள்

வளைகுடா நாடுகளில் மனநல ஆய்வு நடத்தும் மருத்துவர்களுக்கும் சுகாதார அமைச்சகங்களுக்கும்,

வணக்கம். சவூதியின் தேசிய மனநலக் கணக்கெடுப்பை மதிப்போடுதான் படித்தேன். வீடு தேடிப் போய் 4,004 பேரிடம் நேரில் பேசியிருக்கிறீர்கள். நூற்றுக்கு 34 பேருக்கு வாழ்நாளில் ஏதோவொரு மனநலக் கோளாறு வந்திருக்கிறது என்பதை மூடி மறைக்காமல் வெளியிட்டீர்கள். லேசான வேலை இல்லை.

ஆனால் அந்த 4,004 பேரும் சவூதிக் குடிமக்கள். 2022 சென்சஸ்படி அங்கே வசிப்பவர்களில் 41.6 சதவீதம் பேர் வெளிநாட்டவர். கத்தாரில் நடந்த ஆய்வும் கத்தாரிகளோடும் பிற அரபு மக்களோடும் நின்றுவிட்டது. நீங்கள் போன வீடுகள் சிலவற்றில் உங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்த பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் ஒன்றின் கிளினிக்கில் வேலை பார்த்தவன் நான். எட்டுப் பேர் படுக்கும் அறை. கீழ்க்கட்டிலைச் சுற்றிப் பெட்ஷீட்டைக் கட்டிவிட்டு, உள்ளே படுத்தபடி ஊருக்கு வீடியோ கால் பேசுவார்கள். "நல்லாருக்கேன், சாப்டேன், பிள்ளைங்க தூங்கிட்டாங்களா?" அதே ஆள் காலையில் கிளினிக்குக்கு வந்து நெஞ்சு படபடக்குது, ராத்திரி பூரா தூக்கமில்லை என்பார். பனடால் கொடுத்து அனுப்புவோம். அதற்கு மேல் அவரும் சொல்ல மாட்டார். சொன்னால் ஃபோர்மேன் காதுக்குப் போகும், அடுத்து விசா கொடுத்த முதலாளியான கஃபீலுக்கு, பிறகு எக்சிட்தான், ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். ஏஜென்டுக்காக வாங்கிய கடன் ஊரில் அப்படியே நிற்கும். விசாவுக்கு முந்தைய மெடிக்கலிலேயே மனநோய் இருந்தால் அன்ஃபிட் என்று தெரிந்து வந்தவர் எப்படி வாய் திறப்பார்?

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. உள்ளூர்க்காரர், அந்நியர் என்று பார்க்காமல் சேர்க்கச் சொன்னது அதன் வக்ஃபு (அறக்கொடை) ஆவணம். உங்கள் மரபில் இல்லாத எதையும் நான் கேட்கவில்லை.

அடுத்த ஆய்வில் கேம்ப்புகளைச் சேருங்கள். வெள்ளிக்கிழமை போங்கள், அன்றுதான் ஆள் இருப்பார். கேட்பவர் கம்பெனி ஆளாக இருக்கக் கூடாது. இகாமா (தங்கும் அனுமதி அட்டை) எண்ணும் எழுத வேண்டாம். வீட்டு வேலைக்கு வந்த பெண்களிடம் முதலாளியம்மா இல்லாத இடத்தில் பேசுங்கள். பதில் சொன்னதற்காக யாரையும் ஊருக்கு அனுப்ப மாட்டோம் என்று அமைச்சகம் முதலில் எழுதிக் கொடுக்கட்டும். அது இல்லாமல் ஆய்வு செய்தால் ஒரு கேம்ப்பிலும் ஒரு நோயாளிகூட அகப்பட மாட்டார்.

தமிழிலும் மலையாளத்திலும் கேள்வி கேட்க ஆள் கிடைக்காது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உங்கள் ஆஸ்பத்திரி வார்டுகளிலேயே எங்கள் ஊர் நர்ஸுகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஊர் திரும்பிய ஒரு கிளினிக் ஊழியன்