மாலை ஆறு மணிக்கு மேல் அந்த ஊரில் என்ன இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியாக மூன்று நான்கு நாள் போய்வர ஏற்ற நகரங்கள் என்று நம் நாளிதழின் பயணப் பக்கத்தில் வந்திருந்த பட்டியலைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். அதில் இருந்த ஊர்கள் எல்லாமே நல்ல ஊர்கள்தான், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒவ்வொரு ஊருக்குக் கீழேயும் பார்க்க வேண்டிய இடங்களை எட்டும் பத்துமாக அடுக்கியிருந்தீர்களே, அவை எத்தனை மணிக்கு மூடும், மூடின பிறகு தனியாக வந்தவர் எங்கே போவார் என்று ஓரிடத்தில்கூட இல்லை. தனியாகப் போகிறவருக்குப் பகலில் ஒரு சிரமமும் கிடையாது. பகலில் தனியாக இருப்பது மற்றவர்களுக்கும் தெரியாது, நமக்கே தெரியாது, அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் முன்னால் நிற்பவர்களில் பாதிப் பேர் தனியாகத்தான் நிற்கிறார்கள். சிரமமெல்லாம் மாலையில்தான்.

கூட ஒருவர் இருந்தால் மாலையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே பொழுது போய்விடும். தனியாக இருக்கும்போது ஐந்து மணிக்கு அருங்காட்சியகத்துக் கதவைச் சாத்துகிறார்கள், கால் வலிக்கிறது, தூங்கப் போக இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது. மூன்று இரவுப் பயணம் என்றால் அப்படிப்பட்ட மாலைகள் மூன்று, அதாவது பதினைந்து மணி நேரம். எழுபத்திரண்டு மணி நேரத்தில் தூக்கத்தையும் விமான நிலையம் போய்வருவதையும் கழித்தால் கையில் நிற்பது சுமார் நாற்பதுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாலைக்கே போகிறது. இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் முதல்முறை கிளம்பினேன்.

அப்போது எனக்கு 49 வயது. அதற்கு முன்னால் ஒருநாள்கூட வெளியூரில் தனியாகத் தங்கியதில்லை. வாழ்க்கையில் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எல்லாரும் சொல்வதால் ரோம் நகரத்தைத் தேர்ந்தெடுத்தேன், நான்கு இரவுகள். தங்கும் விடுதியின் விளம்பரத்தில் நகர மையத்துக்குப் பத்து நிமிடம் என்று போட்டிருந்தது, நம்பிப் பதிவு செய்துவிட்டேன். போன பிறகுதான் தெரிந்தது, அது சாலையில் வண்டியே இல்லாத நேரத்தில் காரில் போனால் ஆகிற பத்து நிமிடம். பேருந்தில் முக்கால் மணி நேரம் ஆனது, இருட்டின பிறகு எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. பகலில் கொலோசியமும் பாந்தியனும் பார்த்தபோது மனசு நிறைந்து போனது உண்மை. ஆனால் நான்கு நாளும் ஆறு மணிக்கெல்லாம் அறைக்குத் திரும்பி, கதவைப் பூட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக ஒரு பெட்ரோல் பங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோம் மேல் தவறு இல்லை. நவோனா சதுக்கமும் பாந்தியனைச் சுற்றியுள்ள சந்துகளும் விளக்கு போட்ட பிறகுதான் அழகு, தனியாக நடக்கிறவரை அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று பிறகு அங்கே போய்வந்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்காமல் வந்தது அதைத்தான், இன்றைக்கு நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

ஆக, ஊரைத் தேர்ந்தெடுப்பது என்றால் என்னைப் பொறுத்தவரை பாதி வேலை அந்த ஊரில் எந்தத் தெருவில் தங்குவது என்பதுதான். வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் நெருக்கித் தள்ளுகிற கூட்டம், அதில் பெரும்பங்கு காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள். 2024 முதல் சில குறிப்பிட்ட நாட்களில் அப்படி ஒருநாள் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமே வாங்குகிறார்கள், இரவு அங்கே தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. அந்தப் பகல் கூட்டம் போன பிறகு பாருங்கள், கார் இல்லாத ஊர், காலடிச் சத்தமும் தண்ணீர்ச் சத்தமும் மட்டும்தான். ஒன்றாம் எண் படகில் ஏறி உட்கார்ந்தால் பெருங்கால்வாய் முழுக்க மெதுவாகக் கொண்டுபோகும், ஒருவர் தனியாகச் செய்வதற்கு இதைவிட நல்ல காரியம் எனக்குத் தெரியவில்லை. தங்குமிடத்தைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் எடுத்துவிட்டு வந்தவர் இதை முழுசாக அனுபவிக்க முடியாது, கடைசியில் திரும்பிப் போகிற கவலைதான் இருக்கும்.

இரண்டாவது முறை நான் வியன்னா போனேன். அந்த முறை பார்க்க வேண்டிய இடங்களை எழுதுவதற்கு முன்னால் மூன்று மாலைகளையும் முதலில் எழுதினேன். அங்கே ஓப்பரா என்கிற இசை நாடகம் நடக்கும் அரசு அரங்கில் 400க்கும் மேற்பட்ட நின்று பார்க்கும் இடங்கள் இருக்கின்றன. கூட்டமாக வந்தவர்கள் நாலு இருக்கை சேர்ந்தாற்போல் வேண்டுமே என்று தவிக்கும்போது ஒற்றை ஆளுக்கு ஒரு மூலையில் ஓரிடம் கிடைத்துவிடும். எனக்கு ஓப்பரா பற்றி ஒன்றும் தெரியாது, இடைவேளையில் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா கதையை விளக்கினார், பாதி புரிந்தது, ஆனாலும் அன்றைக்கு இரவு அறைக்குத் திரும்பும்போது தனியாக இருக்கிறோம் என்ற நினைப்பே இல்லை. இதே வியன்னாவுக்கு ஜூலை ஆகஸ்டில் போயிருந்தால் இது நடந்திருக்காது, அந்த இரண்டு மாதமும் ஓப்பராவுக்கு விடுமுறை. மற்ற இரண்டு மாலைகளில் ஒன்றில் ரிங் சாலையில் டிராமிலும் நடையிலுமாகச் சுற்றினேன். பழைய கோட்டைச் சுவரை இடித்துப் போட்ட அந்தச் சாலை மொத்தமே ஐந்து கிலோமீட்டர் சுமார், எங்கே களைத்தாலும் ஏறிக்கொள்ள டிராம் வரும். இன்னொன்றில் சும்மா உட்கார்ந்திருந்தேன், அதுவும் வேண்டியிருந்தது.

அருங்காட்சியகத்துக்காகவே போகிறவர்கள் கிழமையைப் பார்த்தாலே பாதி மாலை கிடைத்துவிடும். பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமை முழுக்க மூடியிருக்கும், ஆனால் புதனும் வெள்ளியும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். அதே ஊரில் ஓர்சே திங்கள் விடுமுறை, வியாழன் மட்டும் இரவு 9.45 வரை. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் வெள்ளி இரவு 10 மணி வரை, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அன்றைக்கே 8.30 வரை. ஆக லண்டனுக்கு வெள்ளி இரவு உள்ளே வருகிற மாதிரிப் போவது நல்லது, பாரிஸுக்குப் புதனிலிருந்து வெள்ளி வரை இருந்தால் மூன்று மாலையும் நிரம்பிவிடும். ஞாயிறு திங்களில் பாரிஸ் போனவர், இதே ஊரை, ஆறு மணிக்கு எல்லாம் மூடிவிடுகிற ஊர் என்றுதான் சொல்வார். ஜெர்மனிப் பக்கம் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் திறப்பதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கடைத்தெருவில் வேடிக்கை பார்த்து நடக்கலாம் என்று இருந்தால் ஏமாற்றம்தான்.

அப்புறம் மாதம். இதைத்தான் எல்லாரும் குளிர், வெயில், மழை என்று மட்டும் பார்க்கிறார்கள், வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் கடைசியில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பெயர் ஒன்றுதான், தனியாகப் போகிறவருக்கு அது இரண்டு வேறு வேறு ஊர். ஜூனில் எட்டு மணிக்குக்கூடத் தண்ணீர் ஓரமாகத் தீவு தீவாக நடந்துகொண்டிருக்கலாம். டிசம்பரில் மூன்று மணிக்கே மனசில் இரவு வந்துவிடும், அதைத் தாங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த இருட்டையே விரும்பிப் போகிறவர்களும் உண்டு, ஆனால் தெரிந்து போக வேண்டும்.

விமான நிலையம் பற்றிச் சுருக்கமாக. மூன்று நாள் பயணத்தில் ஒவ்வொரு மணி நேரமும் பெரிது. கோபன்ஹேகனில் விமான நிலையத்திலிருந்து மெட்ரோ கால் மணி நேரத்தில் ஊருக்குள் கொண்டுவிடும், அந்த மெட்ரோ இரவு முழுக்க ஓடுகிறது. சூரிக்கில் ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். டோக்கியோவில் நரிதா விமான நிலையம் நகரத்திலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஹனேதா ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரே ஊருக்கு இரண்டு சீட்டு கிடைக்கும்போது எந்த விமான நிலையம் என்று பார்க்காமல் எடுக்காதீர்கள். கியோட்டோவுக்கென்று விமான நிலையமே இல்லை, ஒசாகா விரிகுடாவில் கட்டிய கன்சாய் விமான நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், அப்படியிருந்தும் கியோட்டோவை நான் தனிப் பயணத்துக்குச் சிபாரிசு செய்வேன். கோயில்கள் பெரும்பாலும் மாலை ஐந்துக்குள் மூடிவிடும் ஊர்தான் அது. ஆனால் ஃபுஷிமி இனாரி மட்டும் இரவு பகல் எந்நேரமும் திறந்தே இருக்கிறது, ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட ரயில், ஆயிரக்கணக்கான சிவப்பு வாயில்களுக்கு நடுவே பகலில் நகர முடியாது, இருட்டின பிறகு கீழ்ப்பகுதியில் விளக்கு வெளிச்சத்தில் நிதானமாக நடக்கலாம். மேலே மலை உச்சிவரை போவதை மட்டும் பகலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தனியாக இருக்கும்போது அது வேண்டாம்.

பெண்கள் தனியாகப் போவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாதுகாப்பான நகரம், பாதுகாப்பில்லாத நகரம் என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடுகிறீர்கள், அது எங்களுக்கு உதவுவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது கடைசி மெட்ரோ எத்தனை மணிக்கு, நிலையத்திலிருந்து தங்குமிடம் வரை உள்ள தெருவில் இரவு ஒன்பது மணிக்கு ஆள் நடமாட்டம் உண்டா, விடுதியில் வரவேற்பறையில் இரவு ஆள் இருப்பாரா என்பதுதான். இதையெல்லாம் நான் இப்போது முன்பதிவுக்கு முன்னால் தெருப் படங்களைப் பார்த்தும் விடுதிக்குப் போன் செய்து கேட்டும் தெரிந்துகொள்கிறேன். புது ஊரில் முதல்முறை இறங்குவது வெளிச்சம் இருக்கும்போதே இருக்கட்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, அதற்காக இரண்டு முறை விமானத்தையே மாற்றியிருக்கிறேன்.

பெரிய ஊரா சின்ன ஊரா என்று கேட்பார்கள். முதல்முறை தனியாகப் போகிறவருக்குச் சின்ன ஊரே நல்லது என்பது என் கருத்து, ஆனால் மாலையில் உயிரோடு இருக்கும் சின்ன ஊராக இருக்க வேண்டும். ஸ்லோவேனியாவின் லுப்லியானா அப்படிப்பட்டது, 2007இல் நகர மையத்தில் கார்களை நிறுத்திவிட்டார்கள், ஆற்றங்கரை முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான், இரண்டாம் நாளே வழி கேட்க வேண்டியிராது. சின்ன ஊரில் நேற்று பார்த்த முகம் இன்றும் கண்ணில் படும், தலையசைப்பார்கள், தனியாக இருக்கும்போது அந்தத் தலையசைப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று போனவர்களுக்குத் தெரியும். பெரிய ஊர்தான் வேண்டும் என்றால் மாலையில் ஏறி உட்கார ஏதாவது ஒன்று உள்ள ஊராகப் பாருங்கள். ஹாங்காங்கில் 1888இல் தொடங்கிய ஸ்டார் படகுகள் இன்றும் துறைமுகத்தைக் கடந்துகொண்டிருக்கின்றன, இஸ்தான்புல்லில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களோடு படகில் ஏறினால் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்குப் போய்விடலாம், புடாபெஸ்ட்டில் இரண்டாம் எண் டிராம் டான்யூப் கரையோரமாக ஓடுகிறது. அந்த ஊர்க்காரர்கள் தினமும் செய்கிற ஒன்றை அவர்களோடு சேர்ந்து செய்யும்போது நாம் தனியாக வந்தவராகத் தெரிவதில்லை.

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு பட்டியல் போடும்போது ஒவ்வொரு ஊரின் கீழேயும் பார்க்க வேண்டிய இடங்களில் பாதியைக் குறைத்துவிட்டு, விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் எத்தனை நிமிடம், எந்தப் பகுதியில் தங்கினால் இரவில் நடந்தே திரும்பலாம், அந்த மாதத்தில் எத்தனை மணிக்கு இருட்டும், எந்தக் கிழமை எது இரவுவரை திறந்திருக்கும் என்பதைப் போடுங்கள். எழுதுகிறவர் அங்கே தனியாகத் தங்கியவரா, குடும்பத்தோடு போனவரா என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், எங்களுக்கு அது போதும்.

வருகிற பிப்ரவரியில் எனக்கு நான்கு நாள் விடுப்பு இருக்கிறது. எடின்பரோவா லிஸ்பனா என்று யோசித்து லிஸ்பன் பக்கம் சாய்ந்திருக்கிறேன், பிப்ரவரி நடுவில் அங்கே ஆறு மணி தாண்டித்தான் இருட்டுகிறது, எடின்பரோவில் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டிவிடும். மெட்ரோவும் விமான நிலையம் வரை வருகிறது. தங்குவது 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேர்நேராகத் தெரு போட்டுக் கட்டிய சமதளமான பைஷாவிலா, மேடும் படியுமான அல்ஃபாமாவிலா என்பதில்தான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. லிஸ்பனில் மாலைகளைத் தனியாகக் கழித்த வாசகர் யாராவது இருந்தால், எந்தத் தெருவில் தங்கினார்கள், இருட்டின பிறகு எங்கே நடந்தார்கள் என்று இந்தப் பகுதிக்கே எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி