குதிரை லாரியில் இரவு தங்கப் போகிறவர்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சிங்கப்பூரில் ஜூன் விடுமுறை நெருங்கினால் வெளிநாட்டுப் பயணக் குறிப்புகள் நிறைய வருகின்றன, விரும்பித்தான் படிக்கிறேன். ஆனால் குதிரை லாரியில் தங்குவது பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் அங்கே குதிரைச் சவாரிப் போட்டிகளில் கலந்துகொள்கிறார்கள், என் மகளும் அதில் ஒருத்தி. போட்டி நடக்கும் இடம் ஊருக்கு வெளியே எங்கோ வயல்வெளியில் இருக்கும், விடியற்காலையில் குதிரைக்குத் தீனி வைக்க வேண்டும், அதனால் ஹோட்டல் சரிப்படாது, லாரியிலேயே படுத்துக்கொள்கிறார்கள். பார்க்கப் போகும் அம்மா அப்பாவுக்கும் அதே படுக்கைதான். பின்பக்கம் குதிரைகள் நிற்கும் தடுப்புகள், முன்பக்கம் ஒரு சின்ன அறை, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதான் வீடு.

முன்பு இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள இங்கேயே ஆட்கள் இருந்தார்கள். 1843ல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் ஃபேரர் பார்க், புக்கிட் தீமா, கிராஞ்சி என்று இடம் மாறி மாறி நடந்து, 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றுவிட்டது. லாயத்தில் வேலை பார்த்த நம்மவர்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். என் அப்பாவும் புக்கிட் தீமா லாயத்தில் இருந்தவர், இப்போது இல்லை. அதனால்தான் தெரிந்ததை நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

போர்வை, தலையணை, சாப்பாடு எல்லாம் எல்லோருக்கும் தானாகவே ஞாபகம் வரும். காற்றுத்தான் ஞாபகம் வருவதில்லை. நான் சொல்ல வந்தது முக்கியமாக அதைத்தான்.

இங்கிலாந்தில் ஜூலை மாதம்கூட இரவில் 10 டிகிரிக்கு இறங்கிவிடும். இங்கே 25 டிகிரியில் மின்விசிறி போட்டுத் தூங்கிப் பழகிய உடம்பு அதைத் தாங்காது, நடுராத்திரியில் முதலில் தோன்றுவது கேஸ் அடுப்பைக் கொஞ்ச நேரம் எரியவிட்டால் என்ன என்பதுதான். தயவுசெய்து வேண்டாம். மூடிய சின்ன அறையில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும், அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று வரும், பயணக் களைப்பு என்று நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுவோம், எழுந்திருக்கவே முடியாமல் போகும். வெளியே பார்பிகியூ செய்த அடுப்பைத் தணல் அணைந்துவிட்டது என்று நம்பி உள்ளே கொண்டுவந்து வைப்பதும் இதே ஆபத்துத்தான், மழை வந்ததும் பலர் இதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். ஜெனரேட்டர் இருந்தால் அதன் புகை ஜன்னல் பக்கம் திரும்பாமல் தள்ளி நிற்க வேண்டும், பக்கத்து லாரியின் ஜன்னலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மகளின் தோழி ஒருத்தியின் லாரிக்குள் ஏறிப் பார்த்தேன். தரையோடு ஒட்டினாற்போல் கம்பி வலை போட்ட ஒரு சின்ன ஓட்டை, அதில் பாத்திரம் துடைக்கும் துண்டை நன்றாகச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார்கள். குளிர்காற்று வருகிறதாம். அந்த ஓட்டை அங்கே இருப்பதற்குக் காரணம் உண்டு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், அது வெளியே போவதற்கு வைத்த வழி அது. துண்டை அப்போதே உருவி எடுத்தோம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதே என்று அந்தப் பெண் சொன்னாள், நல்லதுதான், ஆனால் கசியும் கேஸை அது கண்டுபிடிக்காது, அதற்குத் தனி அலாரம் வேண்டும். பயணத்துக்கு முன்னால் அலாரத்தின் பட்டனை அழுத்திச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள், லாரி ஓடும்போது கேஸ் சிலிண்டரை மூடி வையுங்கள். குளிருக்குத் தடித்த தூக்கப்பை, கம்பளிக் காலுறை, வெந்நீர்ப் பை போதும். கூரை ஜன்னலைக் கொஞ்சம் திறந்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் மூச்சின் ஈரமே தகரச் சுவரில் நீராகி விடியும்போது மெத்தைமேல் சொட்டும்.

அடுத்தது எடை. 3.5 டன் லாரி என்றால் அந்த 3.5 டன் என்பது வண்டி, குதிரை, ஆள், தண்ணீர், பெட்டி எல்லாம் சேர்ந்த கணக்கு. 500 கிலோ குதிரை இரண்டு ஏறினாலே ஒரு டன் போய்விட்டது. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ. அதற்குமேல் நாம் தேக்கா சந்தையில் வாங்கி நிரப்பிய பெரிய பெட்டிகளோடு ஏறினால் எப்படி? ஒரு ஆளுக்கு ஒரு மென்மையான பை மட்டும் எடுத்துப் போங்கள், சக்கரம் வைத்த பெட்டியை மகள் அறையிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அதை வைக்க இடமும் கிடையாது. எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது. 7.5 டன் லாரியை நாமே ஓட்டிக்கொடுக்கலாம் என்று எந்த அப்பாவும் கிளம்ப வேண்டாம், அங்கே 1997க்கு முன்பு கார் உரிமம் எடுத்தவர்களுக்குத்தான் அதை ஓட்டும் அனுமதியும் சேர்ந்து வரும், அதற்குப் பிறகு எடுத்தவர்கள் தனியாகத் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் குதிரைக்குத்தான் முதல் இடம். ஒரு குதிரை ஒரு நாளைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும், 10 கிலோ காய்ந்த புல் தின்னும். வெளியூர்த் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் வாயே வைக்காத குதிரைகள் உண்டு, அதனால் லாயத்துத் தண்ணீரையே கேனில் கொண்டுபோகிறார்கள். பொதுத் தொட்டியில் குடிக்க விடாதீர்கள், வாளியையும் இரவல் கொடுக்காதீர்கள், தொற்று நோய் அப்படித்தான் பரவுகிறது. நீண்ட தூரம் போனால் இடையிடையே நிறுத்திக் குதிரை தலையைக் கீழே தாழ்த்த விட வேண்டும். தலையை உயரக் கட்டியே வைத்திருந்தால் மூச்சுக்குழாயில் சேர்ந்த தூசும் சளியும் இறங்காமல் நுரையீரலில் நோய் வரும். புல் வலையைக் கட்டுவதில் என் அப்பா மிகவும் கண்டிப்பு. குளம்பு போய்ச் சிக்காத உயரத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட வேண்டும், புல் தின்று வலை காலியாகும்போது தொங்கி நீளும் என்பதையும் கணக்கில் வைத்துக் கட்டச் சொல்வார்.

சாப்பாட்டுக்கு வருவோம். ரைஸ் குக்கர் எடுத்துப் போகாதீர்கள், லாரியின் பேட்டரி விளக்குக்கும் போன் சார்ஜுக்கும்தான், குக்கரையும் மின்கெண்டியையும் அது தாங்காது. புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, ஊறுகாய் இருந்தால் அடுப்பில் கொஞ்சம் சோறு வடித்து இரண்டு வேளையை ஓட்டிவிடலாம். இங்கிருந்து இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை, நெய்யும் அதில் அடங்கும், அதனால் பால்கோவா செய்து எடுத்துப்போகும் அம்மாக்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் தலையில் மாட்டும் டார்ச், ஈரத் துடைப்பான், கண்ணை மறைக்கும் துணிப்பட்டை, ஏனென்றால் ஜூனில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். சேறு படிந்த பூட்ஸ் படிக்கட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

குதிரைக்கும் அங்கே பாஸ்போர்ட் உண்டு, எங்கே ஏற்றிப் போனாலும் அது கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். கிளம்பும்போது நம் பாஸ்போர்ட்டைத் தேடும் அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.

கிராஞ்சியில் குதிரைகளை லாரியில் ஏற்றி இறக்கியவர்கள் இதைப் படித்தால், நான் விட்டதை எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் அதையும் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, உட்லண்ட்ஸ்