ரெண்டு மடங்கு வேகத்துல அம்மா

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க அம்மாவுக்கு டைப் பண்ண வராது, அதனால சின்னமனூர்ல இருந்து தினமும் சாயங்காலம் வாட்ஸப்ல வாய்ஸ் மெசேஜ் போடுவாங்க, மூணு நாலு நிமிஷம் போகும். 2013ல இந்த வசதி வந்தப்போ எழுத வராதவங்களுக்கு பெரிய வரம்னு நினைச்சேன், இப்பவும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனா 2021ல ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வேகத்துல கேக்கலாம்னு வந்துச்சு பாருங்க, அதுல இருந்து அம்மா பேசுறதை ரெண்டு மடங்கு வேகத்துலதான் கேட்டுட்டு இருந்தேன், பஸ்ல நின்னுக்கிட்டே, விஷயம் தெரிஞ்சா போதும்னு.

போன வாரம் கைதவறி சாதா வேகத்துல ஓடிருச்சு. நடுவுல மூச்சு வாங்குறது, "அப்புறம்"னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருக்கிறது, பின்னாடி குக்கர் விசில், எல்லாம் கேட்டுச்சு. முட்டி வலின்னு அவங்க வாயால சொல்லவே இல்ல, ஆனா எந்திரிக்கும்போது "ஸ்ஸ்"னு ஒரு சத்தம். வேகமா ஓட்டினா அது காதுலயே விழாது.

உடனே போன் போட்டேன். எடுத்ததும் "என்னடி, ஏதாச்சும் ஆயிருச்சா?"ன்னு பதறிட்டாங்க. நான் கூப்பிட்டாலே பயப்படுற அளவுக்கு விட்டுட்டேனேன்னு அழுகையா வந்துச்சு. இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.

ஒரு வாசகி,
மதுரை