ப்ரஸ்ஸல்ஸில் பார்த்த இசைக்கருவிகள்

அன்புள்ள கார்த்திக்குக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல். அக்கா என்னை ப்ரஸ்ஸல்ஸ் இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்ற கதையைப் போனில் பாதி கேட்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிட்டதால், மீதியை எழுதுகிறேன்.

‘ஓல்ட் இங்கிலாந்து’ என்ற பெரிய கடைக்காக 1899-இல் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய கட்டடத்தில் அது இருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேர் கட்டடத்தையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ நம் நாட்டுக் கருவிகள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதில்தான் நாட்டம். கல்கத்தாவின் ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் 1876-இல் பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு இந்திய இசைக்கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். அவற்றையும் ஃபெத்திஸ் என்ற இசையறிஞர் சேர்த்து வைத்திருந்தவற்றையும் அடிப்படையாகக் கொண்டுதான் மறு ஆண்டு இந்த அருங்காட்சியகமே உருவானது.

அதன் முதல் காப்பாளரான மஹியோன், கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். பொதுவாக ஐரோப்பாவில் கருவிகளைத் தந்தி, காற்று, தாளம் என்றே பிரிப்பார்கள். அப்படிப் பிரித்தால், தந்தியைச் சுத்தியால் தட்டி ஒலிக்கும் பியானோவை எங்கே வைப்பது? மஹியோன் எது அதிர்ந்து ஒலி பிறக்கிறது என்று பார்த்தார். தந்தி, காற்று, தோல், கருவியின் உடலே என்று நான்காகப் பிரித்தார். நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என்று நான் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும், பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொல்வதும் இதைத்தானே! இவ்வளவு பழைய இந்திய முறை இவ்வளவு புதிய முறையாகத் திரும்பி வந்திருப்பதை, மஹியோனின் பிரிவுகளை 1914-இல் விரிவாக்கிய இசை ஆய்வாளர்கள் ஹார்ன்போஸ்டலும் ஸாக்ஸும் வியந்து எழுதியிருக்கிறார்கள். அருங்காட்சியகங்களும் ஆய்வாளர்களும் இன்று பெரும்பாலும் பின்பற்றுவது அவர்கள் வகுத்த முறையைத்தான்.

கம்ப்யூட்டர்காரனான உனக்கு அங்கே பிடிக்கக்கூடியது, விங்கல் என்பவர் 1821-இல் ஆம்ஸ்டர்டாமில் செய்த, தானாகவே இசையைப் புதிது புதிதாகக் கோத்து வாசிக்கும் கொம்போனியம். ஆளுயரத்துக்கு மேலான அந்த இயந்திரத்துக்குள் முள் பதித்த இரண்டு உருளைகள் இருக்கின்றன. ஓர் உருளை இரண்டு தாளவட்டம் வாசிக்கும்போது மற்றொன்று ஓசையின்றிப் பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்து எந்த மாறுபாட்டை வாசிப்பது என்பதற்குத் தயாராகிறது. நகர்வதா, நிற்பதா என்பதைத் தீர்மானிப்பது ஒரு சுழல்சக்கரம். ஆகவே, வாசித்ததையே அது மறுபடி வாசிப்பது அரிதினும் அரிது. தாளத்தின் வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமையும் உருவாக்கியவர் இந்த விங்கல்தான். காப்புரிமை வாங்கிப் பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் மேல்ட்சல் என்பவர். அந்தந்தக் கணத்தில் கற்பனையாகப் பாடும் நம் மனோதர்மத்துக்கு இது ஈடாகாது என்று அக்காவிடம் வாதிட்டேன். சக்கரத்துக்கு ராகபாவம் ஏது? ஆனாலும் அந்த உருளைகளை விட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

விடுமுறைக்கு இங்கு வரும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கிக்கொள். திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா