டேங்க் விரிசலுக்கு ஒட்டுப் போட்டால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பகுதியில் மைலேஜ், விலை, வசதி எல்லாம் விரிவாக வருகின்றன. ஒரு வண்டி விற்பனைக்கு வரும் முன் அதை எப்படியெல்லாம் போட்டு உலுக்கிப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் வருவதே இல்லை. அந்த வேலையில் பல வருடம் இருந்தவன் நான். பெட்ரோல் டேங்கில் வரும் விரிசலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் முறிந்துவிடும். டேங்கிலும் அதேதான் நடக்கிறது, ஆனால் வளைவு கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, எண்ணிக்கையோ லட்சக்கணக்கில். ஒரே ஒரு தடவை வந்தால் தகடு சுலபமாகத் தாங்கிவிடும் சுமைதான், அது ஓயாமல் திரும்பத் திரும்ப வரும்போது வெல்டிங்கின் ஓரத்திலோ, பட்டை இறுக்கிப் பிடிக்கும் இடத்திலோ மயிரிழை அளவு விரிசல் தொடங்கி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் கசிகிறது. கசிந்த பெட்ரோல் தீப்பொறி படும் இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நான் இருந்த குழுவில் ஒருமுறை சோதனை ஓட்டத்தின் நடுவே டேங்க் கசிந்தது. எல்லோரும் உடனே வெல்டரைக் குறை சொன்னோம். கசிந்த இடத்தின்மேல் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து ஓட்டத்தைத் தொடர்ந்தோம். கொஞ்ச நாளில் ஒட்டுப்போட்ட தகட்டைத் தாண்டி, அதே வரிசையில் மறுபடி விரிசல்! தகடு தடித்த இடம் விறைத்துக்கொண்டதால் வளைவு முழுவதும் பக்கத்து மெல்லிய இடத்தில் போய் விழுந்திருக்கிறது.

அப்புறம்தான் வெட்டிப் பார்த்தோம். முதல் விரிசலின் முகம் வெல்டிங் சூட்டில் உருகிப் போயிருந்ததால் அதில் ஒன்றுமே தெரியவில்லை, அந்தத் தப்பு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. இரண்டாவதில், அலை வந்து போன மணல்போல வரிவரியாகத் தடம் தெரிந்தது. அந்த வளைகோடுகளைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் தொடங்கிய புள்ளி டேங்கின் உட்புறத்தில், தளும்பலைக் குறைக்க வைக்கும் தடுப்புத் தகட்டின் வெல்டிங்கில் இருந்தது. பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் உள்ளே அடித்த பெட்ரோல்தான் காரணம்.

சரி, அதற்கு முன் ஆய்வுக்கூடத்தில் உலுக்கியபோது ஏன் தெரியவில்லை? அங்கே டேங்க் நிறையத் தண்ணீர் ஊற்றி, மேலும் கீழும் மட்டும் ஆட்டியிருந்தோம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 750 கிராம், தண்ணீர் 1 கிலோ. எடை கூடுதல் என்பதால் கடுமையான சோதனை என்று நம்பிவிட்டோம். நிறைகுடம் தளும்பாது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாலையில் ஓடும் வண்டியில் டேங்க் பாதிதான் இருக்கும், கால்வாசிதான் இருக்கும். அந்த அளவுகளிலும், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பார்த்தால்தான் அது சோதனை.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கசிவைப் பார்த்ததும் ஸ்பானரை எடுக்காதீர்கள். பட்டையின் போல்ட் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது, டேங்கில் எவ்வளவு இருந்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். முறிந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள், இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்கிறேன் என்று உரசவும் வேண்டாம். காலி டேங்க் என்று நினைத்து வெட்டப் போகாதீர்கள், உள்ளே இருக்கும் ஆவியை முழுவதும் வெளியேற்றாவிட்டால் அது வெடிக்கும்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சோதனையில் டேங்க் கசிந்ததாகத் தகவல் வந்தால், வண்டி தோற்றுவிட்டது என்று தலைப்புப் போட்டுவிடாதீர்கள், கசிவதைக் கண்டுபிடிக்கத்தான் சோதனையே. விரிசல் எங்கே தொடங்கியது, ஏன் தொடங்கியது, மாற்றிய டேங்கை முதல் கிலோமீட்டரிலிருந்து மறுபடி ஓட்டினார்களா என்று நிறுவனத்திடம் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாகனச் சோதனைப் பொறியாளர் ஒருவர்