தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மலையிலேயே பரிசோதனை வேண்டும்

ஆசிரியருக்கு,

மிளகு பறிக்கவோ கிளை கழிக்கவோ சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்து, தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள் நீலகிரியில் இருக்கிறார்கள். சமவெளியில் பயிற்சி முடித்து வீல்சேரோடு வீடு திரும்பியபின், அடுத்த இருபது ஆண்டுகள் எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் தோல், சிறுநீரகம், தோள்பட்டை மூன்றின் கையில். நடை திரும்புமா என்ற கேள்வியிலேயே குடும்பம் நின்றுவிடுவதால் இவை கவனிப்பாரற்றுப் போகின்றன.

குளிரில் தாகம் தெரியாது. துணி நனையுமே என்ற பயம் வேறு. தண்ணீர் குறைந்தால் தொற்றும் கல்லும் வரும். மருத்துவர் வேறு அளவு சொல்லாவிட்டால் நாளுக்குச் சுமார் 2 லிட்டர் குடித்து, 4 முதல் 6 மணிக்கொரு முறை கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாய்) போட வேண்டும். ஒரு தடவையில் 500 மில்லிக்கு மேல் வந்தால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். கணப்பருகே கால் நீட்டுவதும் கம்பளிக்குள் வெந்நீர்ப் பை வைப்பதும் கூடவே கூடாது. கொப்புளத்தைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வெந்தது தெரியும், ஆற மாதக்கணக்காகும்.

வீல்சேர் இருக்கையில் காற்றடைத்த குஷன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: ஊட்டியில் சரிபார்த்த குஷன் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் சுருங்கிவிடும், கீழே வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம் என்பதால். உட்கார்ந்தபடியே புட்டத்து எலும்புக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். அரை அங்குலமாவது காற்று நிற்க வேண்டும். எலும்பு அடிப்பலகையில் இடித்தால் அன்றைக்கே புண்ணுக்கு வழி. மேலே ஏறும்போது உப்பி விறைக்கும். சிறிது காற்றை இறக்கிவிட வேண்டும்.

சாய்தளம் 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மூன்றடி உயர வாசலுக்கு 36 அடி. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளில் அதற்கு இடமேது? செங்குத்தாகக் கட்டித் தினமும் தள்ளினால் சில ஆண்டுகளில் தோள் போகும்; பிறகு கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் ஆள் வேண்டும். திருப்பத்தில் 5 அடி சமதளம் விட்டு மடித்துக் கட்டலாம். ஆளை வீட்டுக்கு அனுப்புமுன் ஒருவர் நேரில் வந்து வாசலை அளந்தால்தான் இது நடக்கும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அவர்கள் வரும்போதெல்லாம் புட்டம், குதிகால் தோலையும் குஷனையும் பார்க்கட்டும். ஊட்டியிலும் கூடலூரிலும் ஆண்டுக்கொரு நாள் ஒதுக்கிச் சிறுநீரக ஸ்கேன் எடுக்கட்டும். கூடலூரிலிருந்து கோவைக்கு ஜீப்பில் போய்வரும் அந்த ஒரு நாள் உட்காரலே புண் வரப் போதும்.

இயன்முறை மருத்துவர்கள் சிலர்,
குன்னூர்