பெராக்சைடையும் நல்ல பாக்டீரியாவையும் ஒண்ணா ஊத்தாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாடில மண்ணில்லாம கீரை வளக்குறவங்க இப்ப நெறைய பேர் ஆயிட்டாங்க, அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். நான் மடிப்பாக்கத்துல பிவிசி பைப்ல லெட்யூஸும் பாலக்கும் போட்டிருக்கேன். போன மே மாசம் டேங்க் தண்ணி 32 டிகிரிக்குப் போயிடுச்சு, பகல்ல செடியெல்லாம் தொவண்டு விழுது, என்னடான்னு நெட் கப்ப (செடி நிக்கிற ஓட்டை போட்ட கப்பு) தூக்கிப் பாத்தா வெள்ளையா இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, வெண்டைக்காய் நறுக்குன கையாட்டம் கொழகொழன்னு இருக்கு, லேசா இழுத்தா மேல்தோல் உருவிட்டு வருது, உள்ள நூலாட்டம் நரம்பு மட்டும் நிக்குது. பித்தியம்னு பூஞ்சை மாதிரி ஒரு கிருமி கொண்டு வர்ற வேரழுகல்.

சாமான் வாங்குற கடைல கிருமியக் கொல்ல ஒரு பாட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடும், வேரக் காப்பாத்துற நல்ல பாக்டீரியான்னு ஒரு பாக்கெட் பேசில்லஸ் சப்டிலிஸும் குடுத்து, ரெண்டையும் ஒரே நாள்ல ஊத்துங்க, டபுள் எஃபெக்ட்னு சொன்னாங்க. நம்பி ஊத்துனேன். சோடா மாதிரி நுரை பொங்குச்சு, ரெண்டு நாள் செடி தலை நிமிந்துச்சு, பத்தாவது நாள் திரும்பவும் அதே அழுகல்.

பெராக்சைடு ஆள் பாத்து அடிக்காதுங்க. பித்தியத்த அடிக்கிற அதே அடி நாம காசு குடுத்து வாங்குன பாக்டீரியாவுக்கும் விழுது. தப்பிச்ச பாக்டீரியாகிட்ட கேட்டலேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது பெராக்சைட தண்ணியாவும் ஆக்சிஜனாவும் ஒடச்சிடுது, புண்ணுல விட்டா நுரைக்குதே அதே வேலைதான். அப்ப மருந்தும் வீண், பாக்டீரியாவும் வீண், வேருக்குள்ள பூந்துக்கிட்ட பித்தியம் மட்டும் பத்திரமா இருக்கு. பேசில்லஸ் வித்தா, அதாவது வெத மாதிரி கெட்டி ஓட்டுக்குள்ள தூங்குறப்ப, ஓரளவு தாங்கும், முளைச்சு வேர்ல ஒட்டுனப்புறம் அந்தத் தெம்பு கெடையாது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல கெடைக்கிற சூடோமோனாஸ்ங்கிற இன்னொரு நல்ல பாக்டீரியா வித்தே உருவாக்காது, அது இன்னும் சீக்கிரம் அடிபடும்.

ரெண்டும் வேணும்னா பயிர எடுத்துட்டு டேங்க், பைப்பெல்லாம் பெராக்சைடு விட்டு கழுவுங்க, நல்லா அலசி ரெண்டு மூணு நாள் விட்டுட்டு, புதுத் தண்ணில பாக்டீரியா விடுங்க, அதுக்கப்புறம் பெராக்சைடு பாட்டில தொடாதீங்க. நான் இப்ப அப்படித்தான் பண்றேன், கூடவே டேங்க நிழலுக்கு மாத்தி, வெள்ளை பெயிண்ட் அடிச்சு, தண்ணில காத்துக் குமிழ் விடுற ஏர் ஸ்டோன் ஒண்ணு சேத்துப் போட்டேன். உண்மையான வைத்தியம் அதான்னு நெனைக்கிறேன், ஏன்னா 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிக்கிற தண்ணி 30 டிகிரில ஏழரைதான் புடிக்கும், வேர் மூச்சு முட்டுனா பித்தியத்துக்குக் கொண்டாட்டம்.

இன்னொண்ணு. எனக்குக் குடுத்த பாட்டில்ல எத்தன சதவீதம்னே எழுதல. மருந்துக்கடைல வாங்குற 3 சதவீதம்னு நெனச்சு மூடியத் தொறந்தேன், வழிஞ்சது பட்ட ரெண்டு வெரலும் சுண்ணாம்பாட்டம் வெளுத்து, சாயங்காலம் வரைக்கும் எரிச்சல். 30, 50 சதவீதமெல்லாம் ஃபேக்டரிக்குப் போற சரக்கு, அத லேபிள் இல்லாம வீட்டுக்குக் குடுக்குறது ரொம்பத் தப்பு, கண்ணுல பட்டா பார்வையே போயிடும். உங்க விவசாயப் பக்கத்துல இத ஒரு தடவ பெருசாப் போடுங்க சார், வெயில் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர், மடிப்பாக்கம், சென்னை